போஸ்டரில் ஆப்பிள், புதன்கிழமைக் கூடையில் ஒன்றுமில்லை

வாசகர் கேள்வி: பொது சுகாதார மருத்துவரின் பதில்

கரிசல் வட்டாரக் கிராம ஊராட்சி ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பின் பொறுப்பில் இருக்கும் வாசகி ஒருவர் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் அடையாளங்களை நீக்கி, சுருக்கம் மட்டும் இங்கே.

ஊரில் ஏறக்குறைய 400 வீடுகள். பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு வேலைக்கும் போகிறவர்கள். சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை சந்தை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு பெருகுவதைப் பார்த்து, கூட்டமைப்பு ரூ.38,000 திரட்டியது. அதில் ரூ.18,000 செலவில் 500 போஸ்டர்கள், இரண்டு ஃபிளெக்ஸ், பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு பேரணி. வாசகம்: “தினம் ஐந்து காய்கனி, தூர ஓடும் நோய் இனி.” படத்தில் ஆப்பிள், பச்சை திராட்சை, ஸ்ட்ராபெரி, புரோக்கோலி. ஆறு மாதம் கழித்து 40 வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். 36 வீடுகளில் வாசகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அடுப்படியில் மாற்றம் ஏதும் இல்லை. “சந்தையில வாங்கினது செவ்வாய் ராத்திரியோட தீர்ந்துருதுக்கா. அப்புறம் ரசமும் துவையலுந்தான்” என்று பல வீடுகளில் சொன்னார்களாம்.

கையில் மீதி ரூ.20,000. மூன்று யோசனைகள்: ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒரு மாதம் பிரசாரம், சர்க்கரைப் புண்ணால் கால் எடுக்கப்பட்ட படத்தைப் போட்டு ‘பயம் காட்டும்’ போஸ்டர், அல்லது வாங்கிய விலைக்கே காய்கறிப் பை. இதற்கிடையே மூன்று சிக்கல்கள். சர்க்கரை நோயுள்ள உறுப்பினர் ஒருவர் போஸ்டரைப் பார்த்துத் தினமும் மாம்பழமும் வாழைப்பழமும் சாப்பிட்டு, சர்க்கரை ஏறி, அவர் கணவர் “உங்க மேல கேஸ் போடுவேன்” என்கிறார். முருங்கை இலைப் பொடி விற்கும் ஒருவர், “சர்க்கரையைக் குணமாக்கும்” என்ற வரியோடு தன் படத்தையும் போட்டால் அடுத்த போஸ்டர் செலவு தன்னுடையது என்கிறார். சர்க்கரையை நன்றாகக் குறைத்த ஓர் உறுப்பினரின் படத்தை, அளவு எண்களோடு போடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. “மக்களுக்குப் புரிய வைக்க எங்களுக்குத் தெரியலையா, இல்லை அவங்க திருந்த மாட்டாங்களா?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் இல்லை. 40 வீட்டில் 36 வீடு வாசகத்தைச் சொல்கிறது என்றால் புரிய வைக்கும் வேலையை நீங்கள் நன்றாகவே செய்துவிட்டீர்கள். அதற்கு மேல் புரிய வைக்க எதுவும் பாக்கி இல்லை. உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரி நடுவில், போகிறபோக்கில் எழுதிய வரிதான்: செவ்வாய் இரவோடு காய் தீர்ந்துவிடுகிறது. புதன், வியாழன், வெள்ளி, சனி என்று வாரத்தில் நான்கு நாள் அந்த வீடுகளில் காய்கறியே இல்லை. இல்லாத பொருளைச் சாப்பிடச் சொல்லித்தான் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம்.

இது உங்கள் ஊரின் தனிக்கதை அல்ல. ‘ஒரு நாளைக்கு ஐந்து’ என்ற வாசகம் 1988-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கி, 1991-இல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் நாடு முழுக்கப் போனது. இங்கிலாந்தில் 2003-இல் வந்தது. இரண்டு நாட்டிலும் வாசகம் பரவிய வேகத்தில் தட்டு மாறவில்லை. அமெரிக்காவில் 2007-இல் எண்ணையே கைவிட்டு வேறு வாசகத்துக்குப் போனார்கள்.

அந்த ‘ஐந்து’ எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு, பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஒரு நாளில் காயும் கனியுமாக 400 கிராம். (2 முதல் 5 வயதுக்கு 250, 6 முதல் 9 வயதுக்கு 350.) இங்கிலாந்தில் அதை 80 கிராம் வீதம் ஐந்து பங்காக்கினார்கள். ஓர் ஆப்பிள் ஒரு பங்கு, கையளவு பட்டாணி ஒரு பங்கு என்று தட்டில் தனித்தனியாக வைத்துச் சாப்பிடுகிற ஊருக்கு அந்தக் கணக்கு சரி. நம் வீட்டில் கத்தரிக்காய் சாம்பாருக்குள் இருக்கிறது, தக்காளி ரசத்தில் கரைந்துவிட்டது, வெங்காயம் தாளிப்பில் போய்விட்டது. எதை ஒன்று என்று எண்ணுவது? உங்கள் ஊர்ப் பெண்கள் எண்ணாமல் விட்டதில் ஆச்சரியம் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி இன்னும் கூடுதலாகக் கேட்கிறது: 2,000 கலோரி உணவில் காய், கீரை 400 கிராம், பழம் 100 கிராம். உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேனை ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை மாவுச்சத்து. ஊறுகாயும் காய்கறி ஆகாது.

இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக் கிலோ வாங்குகிறார்கள், அதில் அரைக் கிலோ உருளைக்கிழங்கு. மீதி இரண்டு கிலோவை ஐந்து பேருக்கும் ஏழு நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளுக்கு 57 கிராம். காம்பு, தோல், சொத்தை போனால் 50. வெங்காயம், தக்காளியையும் சேர்த்த கணக்கு இது. 400 தேவைப்படும் இடத்தில் 50. இந்த வீட்டிடம் போய் ‘ஐந்து’ என்று சொல்வது, மொட்டை மாடியில் நின்றுகொண்டு தெருவில் இருப்பவரைக் குதித்து ஏறி வா என்று கூப்பிடுவதுபோல. முதல் படி எது என்றுதான் சொல்ல வேண்டும்.

காசும் காரணம், தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2016-இல் வெளியானது. குறைந்த வருமான நாடுகளில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தினமும் இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காயும் வாங்கினால், வீட்டு வருமானத்தில் சுமார் 52 சதவீதம் அதற்கே போய்விடும் என்றது அது. பணக்கார நாடுகளில் இதே செலவு 2 சதவீதத்துக்கும் குறைவு. நம் ரேஷன் கடையில் அரிசி இலவசம். காய்க்கு மட்டும் கைக்காசு. தட்டில் சோறு குன்றாகவும் காய் ஓரத்திலும் இருப்பது அறியாமை அல்ல, வரவு செலவுக் கணக்கு.

மூன்று யோசனைகளும்

பயம் காட்டும் போஸ்டரை விட்டுவிடுங்கள். புகையிலைப் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் பயமூட்டும் படம் போடுகிறார்களே என்று கேட்கிறீர்கள். அங்கே சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: தொடாதே. அந்தப் பொருள் கையில் இருக்கும்போதே கண்ணில் படுகிறது. காய்கறிச் செய்தி அப்படியல்ல. வாங்கு, ஆய், நறுக்கு, சமை, நாலு பேரைச் சாப்பிட வை என்று ஐந்து வேலை சொல்கிறது. பயத்தைக் கிளப்பிவிட்டு, அதைத் தணிக்கச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கையில் கொடுக்காவிட்டால், மக்கள் போஸ்டரைப் பார்ப்பதையே தவிர்ப்பார்கள். போதாக்குறைக்கு, உங்கள் ஊரில் ஏற்கெனவே கால் எடுக்கப்பட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் ஒட்டப்படும்.

ஒலிபெருக்கி ஆட்டோவும் வேண்டாம். காசு கரையும், காவல் நிலைய அனுமதிக்கு அலைய வேண்டும். ஆனால் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஊருக்குக் காய்கறி வண்டி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்: “தக்காளி ரெண்டு கிலோ அம்பது” என்று கூவிக்கொண்டு, ஞாயிறும் திங்களும். மக்கள் காது கொடுத்துக் கேட்கும் ஒரே சுகாதார அறிவிப்பு அதுதான்! அந்த வண்டிக்காரரிடம் பேசுங்கள். புதன் மாலை ஆறு மணிக்கு, பெண்கள் வேலைவிட்டு இறங்கும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். விற்பனைக்கு ஆள் உண்டு என்று நம்பினால் அவரே வருவார். உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. காசு தீர்ந்துவிடுகிற நாளில் யார் வாங்குவார்கள் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் மூன்றாவது யோசனை.

காய்கறிப் பை: கணக்கும் கண்ணியும்

பணத்தை இதில் போடுங்கள், ஆனால் மானியமாக அல்ல, சுழலும் முதலாக. சனிக்கிழமை கூலி வாங்கும்போதே, புதன்கிழமைப் பைக்கு ரூ.100 முன்பணம் குழுக் கூட்டத்தில் வசூலியுங்கள். அன்று செலவழியவிருந்த நூறு ரூபாய் புதனுக்கு ஒதுங்கிவிடுகிறது. சேமிப்புச் சீட்டு பிடித்துப் பழகிய குழுக்களுக்கு இது புதிய வித்தை அல்ல. 60 வீடு என்றால் ரூ.6,000 வசூல், 150 கிலோ கொள்முதல். உங்கள் ரூ.20,000, வசூல் குறையும் வாரத்துக்கும் விலை ஏறும் வாரத்துக்கும் தாங்குதொகையாக நிற்கும்.

பக்கத்து நகரத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். 1999-இல் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்தே விவசாயி நேரடியாக விற்கும் இடம் அது. விலைப் பலகை இருக்கும், பேரத்தில் ஏமாற வேண்டியதில்லை. 150 கிலோ எடுப்பதாக முதல் நாளே சொல்லிவைத்தால் விவசாயிகளே ஒதுக்கித் தருவார்கள். வண்டி வாடகை ரூ.600 என்றால் பைக்குப் பத்து ரூபாய். கழிவுக்கு ஐந்து ரூபாய் வையுங்கள். மீதி 85 ரூபாய்க்குக் காய்.

இரண்டரைக் கிலோப் பைக்கு ஒரு மாதிரி: கொத்தவரங்காய், மஞ்சள் பூசணி, முட்டைகோஸ், சுரைக்காய், கொய்யா, ஒவ்வொன்றும் அரைக் கிலோ. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் வெள்ளி, சனி வரை நிற்க வேண்டும் என்பதால்தான் இந்தத் தேர்வு. வெட்டிய பூசணியை வியாழனுக்குள் சமைக்கச் சொல்லுங்கள், கோஸைக் கடைசிக்கு வைக்கச் சொல்லுங்கள். கீரை சேர்த்தால் புதன் இரவுக்கே. ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு கட்டுக் கீரையை ஆய அரை மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேரம் குச்சி அடுக்கிவிட்டு வந்தவருக்கு அந்த அரை மணிதான் தடை, கீரையின் விலை அல்ல. பூசணி பத்து நிமிடத்தில் அடுப்பேறும்.

இப்படிப் பைகள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் படுத்துவிடும். காரணங்களும் ஏறத்தாழ ஒன்றேதான்:

கடன் கொடுத்தல். “அடுத்த வாரம் தாரேன்” என்ற பத்துப் பேர் போதும், முதல் கரைந்துவிடும். முன்பணம் இல்லையேல் பை இல்லை என்பதில் அசையாதீர்கள். மிகவும் முடியாத வீடு இருந்தால், யாருக்கும் தெரியாமல் கூட்டமைப்பு அந்த நூறைக் கட்டட்டும்.

விலையை மாற்றுதல். பை என்றைக்கும் நூறு ரூபாய். உள்ளே இருப்பது மாறட்டும். தக்காளி விலை ஏறினால் தக்காளி வேண்டாம். கொய்யா கிடைக்காத மாதத்தில் பப்பாளித் துண்டு.

ஈரத்தோடு கட்டுதல். கழுவிப் பொதிந்தால் மறுநாள் அழுகும். மஞ்சப்பையில் கட்டுங்கள், காற்றுப் புகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதலே நம் மாநிலத்தில் தடை உள்ளது.

ஒரே காய் திரும்பத் திரும்ப வருதல். மூன்றாவது வாரமும் சுரைக்காய் வந்தால் “எங்க வீட்டுல யாரும் தின்னமாட்டாக” என்று பை நின்றுவிடும். முந்தின வாரப் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு காயையாவது மாற்றுங்கள்.

தராசுக்கு முத்திரை போட்டிருக்க வேண்டும். உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பதிவுச் சான்று தேவையென்றால் எடுத்துவிடுங்கள். ஊரில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் கோபப்பட்டுப் புகார் எழுதினாலும் கவலையில்லாமல் இருக்கலாம். அவரையே பை கொடுக்கும் இடமாக்கி, பைக்கு இரண்டு ரூபாய் கொடுத்தால் இன்னும் நல்லது.

என்ன சொல்வது, யாரிடம், எப்போது

பை வந்த பிறகுதான் வாசகத்துக்கு வேலை. ‘காய்கனி’ என்ற பொதுச்சொல்லை விடுங்கள். யாரும் கடையில் போய்க் காய்கனி கேட்பதில்லை. செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். என் யோசனை: “சோறு வைக்குமுன் ரெண்டு கரண்டி காய்.” தட்டில் காய் முதலில் விழுந்தால் சோற்றுக்கு இடம் தானாகக் குறையும். உங்கள் ஊர்க் கரண்டியில் பொரியலை அள்ளி, மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். கரண்டிக்குக் கரண்டி எடை மாறும். உங்கள் கரண்டியின் எடை தெரிந்தால்தான் ரெண்டா மூன்றா என்று சொல்ல முடியும்.

அடுத்து, நீங்கள் கடிதத்தில் தொடாத ஒன்று. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டு முடித்து அவர் உட்காரும்போது சட்டியில் தாளித்த மிளகாயும் கறிவேப்பிலையும்தான் இருக்கும். வீட்டுக் கணக்கு 50 கிராம் என்றோமே, அவர் பங்கு அதிலும் கீழே. “பரிமாறுமுன் உனக்கொரு கிண்ணம் எடுத்து வை” என்பதைப் போஸ்டராக ஒட்டாதீர்கள், சண்டை வரும். குழுக் கூட்டத்தில் வாய்மொழியாகப் பேசுங்கள்.

நோயைப் பற்றிப் பேசுவதைவிட ருசியைப் பற்றிப் பேசுவது பலிக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக உணவகத்தில் ஒரே காய்கறிக்கு, ஒரே சமையலுக்கு, நாளுக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்துப் பார்த்தார்கள்; 2017-இல் முடிவு வெளியானது. ருசியைச் சொல்லும் பெயர் வைத்த நாளில், வெறும் பெயர் வைத்த நாளைவிட 25 சதவீதம் கூடுதல் பேர் எடுத்துக்கொண்டார்கள். ‘கொழுப்பு இல்லை, சர்க்கரை இல்லை’ என்கிற தோரணையில் பெயர் வைத்த நாளோடு ஒப்பிட்டால் 41 சதவீதம் கூடுதல். ஆகவே பைக்குள் வைக்கும் துண்டுச் சீட்டில் “நார்ச்சத்து மிக்க கொத்தவரை” என்று எழுதாதீர்கள். “வேர்க்கடலைப் பொடி தூவின கொத்தவரங்காய் வதக்கல், 15 நிமிஷம்” என்று எழுதுங்கள். நாலு வரிச் செய்முறை போதும். எண்ணெய் எத்தனை கரண்டி என்பதையும் எழுதுங்கள். காயைக் கூட்டுகிறேன் என்று எண்ணெயும் உப்பும் கூடிவிடக் கூடாது. நறுக்குமுன் கழுவு, வேகவைத்த நீரைக் கொட்டாதே, கீரை பச்சையாக இருக்கச் சோடா உப்புப் போடாதே: சீட்டின் அடியில் இந்த மூன்று வரி எப்போதும் இருக்கட்டும்.

படத்தில் ஆப்பிள் போட்டதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பழம் என்றால் ஆப்பிள், அது நமக்கு எட்டாது என்று ஏற்கெனவே நினைக்கிற வீட்டுக்கு, ‘ஆமாம், எட்டாது’ என்றுதான் அந்தப் படம் சொல்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு; ஆப்பிளில் அது பத்தைக்கூடத் தொடாது. வேலியோர முருங்கைக்கீரையும் மழைக்குப்பின் முளைக்கும் பண்ணைக்கீரையும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் பெரியவர்களுக்கு அவை பஞ்சத்தில் தின்ற கீரைகள். மருமகள் வந்த வீட்டில் அதைச் சமைக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போஸ்டர் போக்காது. ஊர்ப் பொங்கலிலோ வளைகாப்பிலோ பண்ணைக்கீரைக் கடைசல் ஒரு பதார்த்தமாக இலையில் விழுந்தால் போகலாம்.

எந்தச் சீட்டையும் அச்சடிக்குமுன் எட்டுப் பத்துப் பேரிடம் காட்டி, “இது உங்களை என்ன செய்யச் சொல்லுது?” என்று மட்டும் கேளுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள்.

நோயாளிகள் விஷயம்

மாம்பழம் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறிய சகோதரி குறித்து. பொதுவாகக் காய்கனி சாப்பிடச் சொன்ன ஒரு போஸ்டருக்காக உங்கள் மேல் வழக்கு நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் வக்கீல் அல்ல, மிரட்டல் நீடித்தால் உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கணவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களை நினைத்துப் பார்க்காத வாசகம் அது. நேரில் போய்ப் பேசுங்கள்.

சர்க்கரை உள்ளவர் பழமே தொடக்கூடாது என்பதும் தவறு, இஷ்டம்போல் சாப்பிடலாம் என்பதும் தவறு. கொய்யா, பப்பாளி, சாத்துக்குடி போன்றவற்றில் ஒன்றை, ஒரு வேளைக்கு 100 கிராம் அளவில், இரண்டு சாப்பாட்டுக்கு இடையே, கடித்துச் சாப்பிடலாம். வயிறு முட்டச் சோறு தின்றபின் மேலே பழம் வேண்டாம். ஜூஸ் வேண்டாம், நார் போய்ச் சர்க்கரை மட்டும் வேகமாக ஏறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது மாம்பழம், பலா, சப்போட்டா மருத்துவரைக் கேட்ட பிறகே. அவர்களுக்குப் பெரும்பயன் காயிலும் கீரையிலும்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து சிறுநீரக நோயாளிகளுக்கு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கும். வாழைப்பழம், இளநீர், கீரை, தக்காளியைத் திடீரென்று கூட்டினால் இதயத் துடிப்பே நிலைகுலையலாம். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை ஒரே நாளில் கூட்டவோ நிறுத்தவோ கூடாது; மருந்தின் வேலை மாறிவிடும். ஒவ்வொரு பையிலும் இந்த வரியை அச்சடித்து வையுங்கள்: “சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பின் அளவை மாற்றவும். எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.” மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலரிடம் யார் யாருக்கு நோய் என்ற பட்டியலைக் கேட்காதீர்கள், அவர் கொடுக்கவும் கூடாது. உங்கள் சீட்டை அவர் கையில் கொடுத்தால், தேவைப்படும் வீட்டில் அவரே எடுத்துச் சொல்வார்.

முருங்கைப் பொடிக்காரரின் காசு வேண்டாம். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துபோல் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அதன் பட்டியலில் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. அந்த வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் பழி உங்கள் கூட்டமைப்பின் பெயரில் வரும். முருங்கைக்கீரை நல்ல கீரை. அது கீரையாகவே இருக்கட்டும்.

உறுப்பினரின் படமும் எண்ணும் வேண்டாம் என்பதே என் கருத்து. எழுத்தில் சம்மதம் வாங்கினாலும், அடுத்த மாதம் அவருக்குச் சர்க்கரை ஏறினால் ஊரே அவரைக் கேட்கும். மாத்திரையும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் குறைத்திருக்கும். படம் அதைச் சொல்லாது. அவருக்கு விருப்பமிருந்தால், அவர் வைக்கும் பீர்க்கங்காய்க் கூட்டின் செய்முறையை அவர் பெயரில் போடுங்கள். பெருமையும் இருக்கும், ஆபத்தும் இல்லை.

பலித்ததா என்று பார்ப்பது

“வழக்கமா காய் சாப்பிடுவீங்களா?” என்று கேட்டால் ஆமாம் என்றே வரும். “நேத்துக் காலையில எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சமைச்சீங்க, எவ்வளவு காய் போட்டீங்க?” என்று வியாழக்கிழமையில் கேளுங்கள். வியாழனன்று கேட்டால்தான் புதன் தெரியும். பை தொடங்குமுன் 30 வீடு, எட்டு வாரம் கழித்து அதே 30 வீடு. பை வாங்காத 15 வீட்டையும் சேர்த்துக் கேட்டால், முகூர்த்தச் சீசனில் விலை மாறியதாலா பையாலா என்று பிரித்தறியலாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலத்தில் 2002 முதல் மூன்றாண்டு தொலைக்காட்சி விளம்பரங்களோடு ‘இரண்டு பழம், ஐந்து காய்’ இயக்கம் நடந்தது. இந்த வகை இயக்கங்களில் நன்றாகப் பலித்த ஒன்று. அதில் கூடியது ஆளுக்கு நாளொன்றுக்கு 0.6 பங்கு காய், 0.2 பங்கு பழம். அவர்கள் பங்கு காயில் 75 கிராம், பழத்தில் 150 கிராம் என்பதால், மொத்தம் சுமார் 75 கிராம். உங்கள் இரண்டரைக் கிலோப் பை ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு 60 கிராமுக்கு மேல் கூட்டிவிடும், வீடு அதை முழுக்கச் சமைத்தால். வெள்ளிக்கிழமை குப்பையில் எவ்வளவு விழுகிறது என்பதையும் அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், “எந்தக் காயை மாத்தணும்?” என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மீதமிருக்கும் 140 போஸ்டர்களை என்ன செய்வதென்றும் கேட்டிருந்தீர்கள். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? இந்தப் புதன் பையில் என்ன வருகிறது என்பதைச் சனிக்கிழமை கூலி வாங்கும் இடத்தில், ரேஷன் கடையில், பால் சொசைட்டி வாசலில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். வாரத்துக்கு நாலு வீதம் எட்டு மாதம் வரும்.